அம்மாவின் காஸ் மாத்திரை

ஊர் எக்கியார்குப்பம். அம்மாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. விடியறதுக்கு முன்னாடி ஒரு டீயோட கிளம்பினா, சாப்பாடு பதினொரு மணிக்குத்தான். உப்புக் கூடை சுமந்து முட்டி வலி. அதுக்கு ஒரு வலி மாத்திரை. அது வயித்தை எரிக்கும். அதுக்கு ஒரு காஸ் மாத்திரை. ரெண்டையும் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கித் தந்தது நான்தான். ஒவ்வொரு லீவிலும் நாலு அட்டை வாங்கி வைத்துவிட்டுத்தான் ஹாஸ்டலுக்கு பஸ் ஏறுவேன். பொறுப்பான பிள்ளை என்று எனக்கே ஒரு பெருமை.

போன மே மாதம் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசப்படியிலேயே உட்கார்ந்துட்டாங்க. "தலை சுத்துதுடா, வேற ஒண்ணுமில்ல." தங்கச்சிதான் மெதுவாச் சொன்னா, ஒரு வாரமா வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பா இருக்குன்னு.

புதுச்சேரியில் எண்டோஸ்கோபி பண்ணினாங்க. இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. கசிந்த ரத்தம் அமிலம் பட்டுக் கறுத்துத்தான் வெளியே வரும்.

டாக்டர் அம்மாவிடம் உப்பளத்தை வைத்தே சொன்னார். "பாத்திக்கு மோட்டார் போட்டுத் தண்ணி இறைப்பீங்கல்லம்மா? வயித்துலயும் அமிலம் இறைக்கிற பம்ப் இருக்கு. ஜெலுசில் மாதிரி மருந்து, வந்து நிக்கிற அமிலத்தை முறிக்கும். பான்டோபிரசோல் மோட்டாரையே நிறுத்தும். ஆனா வலி மாத்திரை வரப்பையே அரிக்குதும்மா." சாப்பாட்டு நேரத்தில்தான் அந்த பம்ப் முழுசா ஓடும். அதனால் மாத்திரையை அரை மணி நேரம் முன்னாடியே போடணும். அம்மா எரியும்போது மட்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு போட்டிருக்காங்க.

புண்ணுக்கு இன்னொரு காரணமும் இருந்தது: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. காரமும் டென்ஷனும்தான் அல்சருக்குக் காரணம் என்று உலகமே நம்பியபோது, 1984இல் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் ராபின் வாரனோடு சேர்த்து அவருக்கு நோபல் கிடைத்தது. அம்மாவுக்குப் பதினாலு நாள் ஆன்டிபயாடிக், கூடவே பான்டோபிரசோல். வலி மாத்திரை கட். எட்டு வாரம் கழித்துப் பார்த்ததில் புண் ஆறியிருந்தது.

எரிச்சல் ஏதோ சொல்ல வந்தது. அட்டை அட்டையா வாங்கித் தந்து அதன் வாயை அடைத்தது நான்.

எங்க ஹாஸ்டலில் பரீட்சை சமயத்தில் "மச்சி, பான் ஃபார்ட்டி இருக்கா?" என்று கதவு தட்டாத ரூம் இல்லை. இப்பவும் கேட்டால் கொடுக்கிறேன். ஆனா முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: "எத்தனை நாளா மச்சி?"