உச்சந்தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு

உங்க ஊர் குளத்துல, தண்ணிக்கு மேலாக்க, விரலைவிடச் சின்னதா ஒரு மீன் நீந்துதா? பார்த்ததும் பேர் வைத்துவிடாதீர்கள். நான் வைத்தேன். ரெண்டு மீன் செத்துப்போச்சு.

போன செமஸ்டர் லீவு. காஞ்சிபுரத்தில் எங்க வீடு சர்வதீர்த்தக் குளத்துக்குப் பக்கம். அத்தை பையன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஐந்து குட்டி மீன்களோடு வந்தான். பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து ஆப்பில் போட்டேன். 'கம்பூசியா' என்றது.

கொசுப்புழுவைத் தின்னும் என்று 1928-ல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. பூர்வீகம் அமெரிக்கா. புழுவோடு நிற்காமல் மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். உலகின் மோசமான 100 அந்நிய உயிரினங்கள் பட்டியலிலும் இருக்கிறது. "இதைத் திரும்பக் குளத்துல விடக்கூடாதுடா" என்று வீரமாகப் பாட்டிலைத் திண்ணையில் கவிழ்த்தேன்.

தறியை விட்டு எழுந்து வந்த தாத்தா, பதறி மீன்களைப் பொறுக்கி மக்குத் தண்ணீரில் போட்டார். மூன்று நீந்தின. "புடவைன்னா திருப்பிப் பார்க்கணும். மீனுன்னா மேலேர்ந்து பார்க்கணும்" என்றார்.

பார்த்தேன். மூன்றின் உச்சந்தலையிலும் ஜரிகைப் புள்ளி மாதிரி ஒரு வெள்ளிப் பொட்டு! பக்கவாட்டுப் போட்டோவில் அது எப்படித் தெரியும்?

அது அப்லோகைலஸ். நம்ம மண்ணின் மீன். மலையாளத்தில் மானத்துக்கண்ணி. அதுவும் கொசுப்புழு தின்னும்! மேல்நோக்கிய வாய், வால் பக்கம் தள்ளி முதுகுத் துடுப்பு என்று ரெண்டுக்கும் ஒரே ஜாடை. அதில்தான் நான் ஏமாந்தேன்.

நீங்க ஏமாறாமல் இருக்க மூணே சோதனை. மேலிருந்து பாருங்க: பொட்டு இருந்தால் நம்மாளு. குதத் துடுப்பைப் பாருங்க: ஆண் கம்பூசியாவுக்கு அது குச்சி போல நீண்டிருக்கும், நம்மாளுக்கு அகலமாக விரிந்திருக்கும். வயிற்றைப் பாருங்க: பெண் கம்பூசியாவுக்குப் பின்பக்கம் கருந்திட்டு இருக்கும், ஏனென்றால் அது குட்டி போடும், நம்முடையது முட்டையிடும்.

சாயங்காலம் மூன்றையும் குளத்தில் விட்டோம். அத்தை பையன் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. ஆனா இப்பல்லாம் முதல்ல மக்கு, அப்புறம்தான் மொபைல்.