கண்ணாடி இல்லாத கேமரா

எங்கள் ஆபீசில் நான்தான் கேமரா டாக்டர். போனஸ் வந்தாலும் சரி, குழந்தை பிறந்தாலும் சரி, நேரே என் மேஜைக்குத்தான் வருவார்கள். ஃபீஸ் ஒரு டீ, ஒரு மசால் வடை. ஒரு நாள் மின்சார ரயிலில், "பாடி செகண்ட் ஹேண்ட்தான் சார், ஆனா நல்ல கண்டிஷன்ல இருக்கு. இன்னிக்கே தூக்கிடலாம்" என்று போனில் உரக்கப் பேசித் தொலைத்தேன். எதிர் ஸீட் பெரியவர் கிண்டியில் இறங்கி அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டார்.

வருகிறவர்கள் எல்லோரும் "எந்த கேமரா வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த லென்ஸ் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கேட்காதவன்தான்.

2023-ல் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. கையில் இருந்த சேமிப்பு முழுவதையும் ஒரு மிரர்லெஸ் கேமராவில் போட்டேன். எதிரே இருப்பவரின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும் கேமரா. லென்ஸ்? கூடவே பெட்டியில் ஒன்று வந்தது. அது போதாதா!

"மிரர் இல்லைன்னா கண்ணாடி இல்லாத கேமராவா? அப்புறம் லென்ஸ் எதுலடா பண்றான்?" என்றார் அப்பா.

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் காட்சியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். 2008-ல் வந்த பானசோனிக் ஜி1 அதைக் கழற்றிப் போட்டுவிட்டது. இப்போது சென்சாரே நேராகப் பார்த்துக் குட்டித் திரையில் காட்டிவிடுகிறது. அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, என்ன விலை?" என்றார். பாதி சொன்னேன்.

முகூர்த்தம் விடியற்காலை. வீடியோக்காரர் லைட்டெல்லாம் மேடையில் மணமக்கள் மேல். தாலி கட்டி முடிந்ததும் அப்பா மெதுவாகப் பின்வாங்கித் தூண் ஓரம் போய் நின்றார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஜூமைக் கடைசி வரை இழுத்து க்ளிக்கினேன்.

கேமரா கண்ணைச் சரியாகத்தான் பிடித்தது. ஆனால் அந்த லென்ஸை முழுக்க இழுத்தால் அதன் வாய் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. படம் குருணை குருணையாக வருமே என்று பயந்து ஐ.எஸ்.ஓ.வை வேறு 800-ல் பூட்டி வைத்திருந்தேன். ஷட்டர் 1/15 செகண்டுக்கு இறங்கிவிட்டது. அதற்குள் என் கை ஆடியது, அப்பா தோளும் ஆடியது. படத்தில் வேட்டி கட்டிய ஒரு புகைதான் இருந்தது.

பிறகு அப்பாவிடமே காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "என் கண்ணுதான் மங்கிப்போச்சோன்னு நெனச்சேன்" என்றார்.

கணக்கு சுலபம். 6.3-ஐ 1.8-ஆல் வகுத்தால் 3.5. அதைத் தன்னாலேயே பெருக்கினால் பன்னிரண்டு சொச்சம். அதாவது 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதே மண்டபம், அதே தூண், ஷட்டர் மட்டும் 1/180. அப்பா தெளிவாக விழுந்திருப்பார். பல கம்பெனிகளில் விலை குறைந்த லென்ஸ்களில் இதுவும் ஒன்று என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகையால் இப்போது என் மருந்துச்சீட்டு: பட்ஜெட் எதுவானாலும் பத்தில் ஆறு பங்குக்கு மேல் பாடிக்குப் போகக் கூடாது.

நாற்பதாயிரம்தான் என்றால் பழையது வாங்கலாம், வெட்கமே வேண்டாம். 2014-ல் வந்த சோனி ஏ6000 இன்றும் நன்றாகவே படம் எடுக்கிறது. மாமா வீட்டுப் பரணில் கேனன் இ.எஃப். லென்ஸ் தூங்குகிறதா? ஓர் அடாப்டர் போட்டால் கேனனின் புது ஆர் வகையில் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும். ஆனால் பழைய லென்ஸை டார்ச் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். சென்னைப் புழுக்கத்தில் உள்ளே பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும்.

பக்கத்து ஸீட்காரருக்கு வேடந்தாங்கல் பறவை வேண்டும். பகல் வெளிச்சம் என்பதால் எஃப் 8 கூட அவருக்குப் போதும். கேனன் 100-400 லென்ஸைச் சின்ன சென்சார் கேமராவில் மாட்டினால் 640 எம்.எம். அளவுக்குக் கிட்டத்தில் தெரியும்.

அக்கவுண்ட்ஸ்காரர் ஈ.எம்.ஐ. போட்டு ஃபுல் ஃப்ரேம் வாங்கத் துடிக்கிறார். அந்த சென்சாரின் பரப்பு இரண்டரை மடங்கு பெரிசு, வாஸ்தவம். ஆனால் அதற்கேற்ற 24-70 எஃப் 2.8 லென்ஸ் கேட்கும் விலையில் இன்னொரு கேமரா வாங்கிவிடலாம். சொன்னேன். மூன்று நாளாக வடை வருவதில்லை.

நான் 50 எம்.எம். வாங்கிவிட்டேன், ஐ.எஸ்.ஓ. பூட்டையும் திறந்துவிட்டேன். அடுத்த மாதம் தங்கை குழந்தைக்குக் காது குத்து. போன வாரம்தான் உறைத்தது: குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தாய்மாமன் நான்.

அதனால் தினமும் சாயங்காலம் அப்பாவுக்கு ட்ரெயினிங் நடக்கிறது. நேற்று கேமராவைக் கண்ணில் வைத்தபடியே கேட்டார்:

"ஏண்டா, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பார்க்கணுமா, கழட்டிட்டுப் பார்க்கணுமா?"