ஆறாவது சுவை

குடும்பத்துடன் வெளியூர்ப் பிரயாணம் போகிறவர்களுக்கு யோசனை சொல்லப் பலர் இருக்கிறார்கள். ரயிலைத் தவறவிடாமல் இருப்பது எப்படி, மூட்டைகளை எண்ணுவது எப்படி என்றெல்லாம் விஸ்தாரமாகச் சொல்வார்கள். ஆனால் பிரயாணத்தின் உண்மையான பிரச்னை இவை ஒன்றுமல்ல. காலையில் கண் விழித்தது முதல் இரவு படுக்கும் வரையில், "இன்றைக்கு எங்கே சாப்பிடுவது?" என்னும் கேள்விதான் அது. கோயிலும் குளமும் அந்தக் கேள்விக்கு நடுவில் கிடைக்கும் சிறு இடைவேளைகளே.

சென்ற நவம்பர் மாதத்தில் நாங்கள் ஆறு பேர், அதாவது அப்பா, அம்மா, என் மனைவி, இரண்டு குழந்தைகள், நான் எல்லோருமாக, ஜப்பானிலுள்ள கியோட்டோ நகருக்குப் போயிருந்தோம். 794-ல் தலைநகராகி, ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகச் சக்கரவர்த்திகள் வாசம் செய்த ஊர் அது. தடுக்கி விழுந்தால் ஒரு கோயில். நிமிர்ந்து பார்த்தால் செக்கச் செவேலென்று சிவந்த மேப்பிள் மரம். இவற்றையெல்லாம் அம்மாவும் பார்த்தாள். ஆனால் பசியோடு பார்த்தாள்.

காரணம் இதுதான். ஜப்பானியச் சமையலுக்கு ஆதாரமானது "டாஷி" என்னும் ஒரு சாறு. கொம்பையும், உலர்த்திப் புகையூட்டி மெல்லியதாகச் சீவிய சூரை மீனையும் நீரிலிட்டு அதை இறக்குகிறார்கள். கொம்பு என்றதும் மாட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். குளிர்ந்த வடகடலில் விளையும் அகலமான கடற்பாசிக்கு அங்கே அதுதான் பெயர். இந்தச் சாறு சேராத பதார்த்தம் அபூர்வம். "வெறும் காய்கறிதான்" என்று சத்தியம் செய்து கொண்டுவந்து வைக்கும் கிண்ணத்திலும் அது இருக்கும்.

எங்கள் அம்மா ஐம்பது வருஷமாகச் சமைத்து வருகிறவள். சுவாமிக்கு நைவேத்தியம் ஆவதற்கு முன் எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டாள். உப்புப் போதுமா, புளி வாசனை போய்விட்டதா என்பதையெல்லாம் ஆவியை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட மூக்கை டாஷி ஏமாற்ற முடியுமா? ஐந்து நாள் ஐந்து ஊணகங்களில், மூடியைத் திறப்பாள், முகர்ந்து பார்ப்பாள், ஒன்றும் சொல்லாமல் மூடிவிடுவாள். பிறகு அறைக்குத் திரும்பி, ஊரிலிருந்து கொண்டுவந்த அவலைத் தயிரில் நனைத்துச் சாப்பிடுவாள். அம்மா சாப்பிடாத இடத்தில் அப்பாவுக்கும் சோறு இறங்காது. ஆறாம் நாள் அவல் பை அடியைத் தொட்டது. "நான் வந்தது உங்களுக்கெல்லாம் இடைஞ்சல்" என்று அம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பிரயாணத்தின் பாக்கி நாட்கள் எப்படிக் கழியுமோ என்று எங்களுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

அந்த ஊரின் பெரிய விருந்துக்குக் "கைசேகி" என்று பெயர். சின்னச் சின்னப் பாத்திரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வகைகள் வரும். மடியில் வைத்த கல் என்பது அந்தச் சொல்லின் பொருளாம். பசி தெரியாமலிருக்கத் துறவிகள் சூடான கல்லை அங்கிக்குள் வைத்துக்கொண்டதிலிருந்து வந்த பெயர் என்று சொல்லுகிறார்கள். நம் ஊரில் வயிற்றில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டதாகச் சொல்வதில்லையா? அந்தப் பெயர் இப்போது பணம் படைத்தவர்களின் விருந்துக்கு வழங்குகிறது. காலத்தின் விளையாட்டு!

கைசேகியிலும் மீன் உண்டு. ஆனால் புத்த மடங்களிலிருந்து வந்த "சோஜின்" என்னும் மற்றொரு சமையல் இருக்கிறது. அதில் மாமிசம், மீன், முட்டை கிடையாது. வெங்காயம், பூண்டு கூட விலக்கு. இதை அதே முறையில் வரிசையாகப் பரிமாறும் ஓர் இடத்தை என் மனைவி தேடிப் பிடித்து, மூன்று நாள் முன்னதாகவே எழுதி ஏற்பாடு செய்துவிட்டாள்.

"வெங்காயம்கூட இல்லையா? இந்த ஊரிலும் ஆசாரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே!" என்றாள் அம்மா. ஆனாலும் மிச்சமிருந்த அவலைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் புறப்பட்டாள்.

பாய் விரித்த அறை, தாழ்ந்த மேஜை, ஜன்னலுக்கு வெளியே பாசி படர்ந்த சிறு தோட்டம். முழங்கால் வலிக்காரரான அப்பாவுக்கு மட்டும் குட்டி நாற்காலி ஒன்று கொண்டுவந்து போட்டார்கள். பரிமாறும் பெண்மணி மண்டியிட்டு வணங்கி முதல் பதார்த்தத்தை வைத்தாள். எள்ளை வெண்ணெய் போல அரைத்து, நம் கூவைக்கிழங்கு மாவு போன்ற ஒரு வேர் மாவுடன் கிளறி உறையவைத்த வில்லை அது. தீப்பெட்டியில் பாதி இருக்கும். அப்பா அதை ஒரே வாயில் போட்டுக்கொண்டுவிட்டு, "பாக்கி எங்கே?" என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. நம்முடைய விருந்தில் எல்லாம் ஒரே சமயத்தில் இலையில் வந்து உட்கார்ந்துவிடும். பச்சடியைத் தொட்டு, கறியைத் தொட்டு, அப்பளத்தை நொறுக்கி, நம் விருந்தை நாமே கையால் அமைத்துக்கொள்கிறோம். ஐரோப்பாவிலுங்கூடப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் பெரிய விருந்துகளில் பலவற்றையும் மேஜைமேல் ஒன்றாகப் பரப்புவதே வழக்கமாயிருந்தது. ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் ருஷ்ய முறை பிற்பாடுதான் அதன் இடத்தைப் பிடித்தது. இலை விருந்தில் நாம் ராஜா. வரிசை விருந்தில் சமையற்காரர் ராஜா. அடுத்தது என்ன, எப்போது என்பது அவருக்குத்தான் தெரியும். நம்முடைய வேலை காத்திருப்பது.

இரண்டாவதாக வந்தது மூடியிட்ட கறுப்புக் கிண்ணம். உள்ளே சூப். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்தோம். சின்னவன் மூச்சுக்கூட விடவில்லை. அம்மா மூடியை எடுத்தாள். ஆவி எழும்பிற்று. முகர்ந்தாள். இன்னொரு தரம் முகர்ந்தாள். பிறகு கிண்ணத்தை இரண்டு கைகளாலும் தூக்கி, ஒரு வாய் குடித்தாள்.

"காளானும் கடற்பாசியும். வேறொன்றும் இல்லை" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் சாப்பிட ஆரம்பித்தோம்.

வரிசை தொடர்ந்தது. பைன் ஊசியில் கோத்த பச்சை மணிகளாகக் கிங்கோ மரத்துப் பருப்புகளும், வேகவைத்த செஸ்ட்நட் கொட்டையும், ஒரு சிவந்த மேப்பிள் இலையும் வந்தன. இலை அழகுக்காகத்தான் என்று சொல்வதற்குள் சின்னவன் அதன் நுனியைக் கடித்துவிட்டான். சோயாப் பாலைக் காய்ச்சும்போது மேலே படியும் ஆடை, கியோட்டோவின் பிரசித்தமான யூபா, மடித்து மடித்து வந்தது. மீஸோ தடவிச் சுட்ட கத்திரிக்காய் வந்தபோது அப்பாவின் முகம் சற்று மலர்ந்தது. ஆனாலும் அவருடைய கேள்வி ஒன்றே: "சாதம் எப்போது வரும்?" சாதம் அங்கே கடைசியில்தான் வரும். ஊறுகாயும் மீஸோ சூப்பும் துணைக்கு வரும்.

"எல்லாம் நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் சப்பென்றிருக்கிறது" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார்.

சுவை ஆறு என்று நாம் சிறு வயதிலிருந்தே படித்திருக்கிறோம்: இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, கசப்பு, துவர்ப்பு. டோகன் என்னும் ஜென் குரு மடத்துச் சமையற்காரர்களுக்காக 1237-ல் ஓர் உபதேச நூல் எழுதினார். அதிலும் சுவை ஆறுதான். முதல் ஐந்தும் நம்முடையவையே. ஆறாவது மட்டும் வேறு. துவர்ப்பு இருக்கவேண்டிய இடத்தில், மென்மையான சுவை, ஒன்றும் மேலோங்காத வெறும் சுவை என்று அவர் வைத்திருக்கிறார். நாம் எதைச் சப்பு என்று தள்ளுகிறோமோ அதற்கு அங்கே சிம்மாசனம்! அந்தக் கொம்புச் சாற்றை ஆராய்ந்துதான் இகேதா கிகுனாயே என்ற ரசாயன சாஸ்திரி 1908-ல் "உமாமி" என்னும் சுவையைக் கண்டுபிடித்தார் என்பதையும் நினைத்துப் பார்த்தால், அந்த ஊரார் சாதுவான சாற்றை எவ்வளவு கவனித்துக் குடித்திருக்கிறார்கள் என்பது விளங்கும்.

கவனித்துக் குடிப்பதற்கு உட்கார்ந்திருக்க வேண்டுமல்லவா? அம்மாவுக்கு அதுதான் கஷ்டமாயிருந்தது. அந்தப் பெண்மணி தட்டுடன் உள்ளே வரும்போதெல்லாம் அம்மா பாதி எழுந்துவிடுவாள். காலிக் கிண்ணங்களை அடுக்கி எடுத்துக் கொடுக்கக் கை நீளும். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே தலையை அசைத்து உட்காரச் சொல்வாள். இப்படி ஐந்து தடவை நடந்தது. ஆறாவது தடவை அம்மா எழுந்திருக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தவண்ணம் இருந்தாள். சூடாக வந்ததைச் சூடாகவே சாப்பிட்டாள். எல்லோரும் சாப்பிட்டான பிறகு, ஆறிப்போன ரசத்தோடு சமையலறையில் உட்காருவதுதான் அவளுக்கு வழக்கம் என்பதை அறிந்த எங்களுக்கு, அந்தக் காட்சி விருந்தைவிட ருசித்தது.

காக்கிப் பழத் துண்டுகளும் பச்சைத் தேநீரும் வந்து முடிந்த பிறகு, சமையற்காரர் வந்து வணங்கினார். வயதானவர், கை மணிக்கட்டில் பழைய தீக்காயத் தழும்பு. அம்மாவின் கையிலும் அதே இடத்தில் ஒன்று உண்டு. எள்ளை வறுத்து அரைத்தாரா, வறுக்காமலா என்று அம்மா கேட்டாள். கைப்பேசி மொழிபெயர்த்தது. லேசாக மட்டும் வறுத்தது என்று பதில் வந்தது. அம்மா தலையை ஆட்டினாள். பிறகு, "இவர் எப்போது சாப்பிடுவார் என்று கேள்" என்றாள்.

விருந்தினர் எல்லோரும் போன பிறகுதான் என்று கிழவர் சொன்னார்.

"எல்லா ஊரிலும் அப்படித்தான்" என்றாள் அம்மா. இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் சிரித்துவிட்டார்.

ஊர் திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசை விருந்து நடக்கிறது. அம்மா மட்டும் மேஜைக்கு முன்னால் உட்காருவாள். சமைப்பதும் பரிமாறுவதும் மற்ற ஐவரின் பொறுப்பு. கியோட்டோவில் ஒரு பதார்த்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒரு கலை. எங்கள் வீட்டில் அந்த இடைவெளி, அப்பாவுக்குக் கரண்டி அகப்படாததனால் ஏற்படுவது. போன தடவை ரசம் அவருடைய கைவண்ணம். கிண்ணத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். அம்மா மூடியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"உப்பே போடவில்லையே?" என்றாள்.

"போடவில்லைதான். அது ஆறாவது சுவை" என்றார் அப்பா.