அரவும் கொம்பும் குற்றும்

பிறஸ் பிடிக்கப் பழக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் எழுதக் கொடுப்பது புதுக்குடியிருப்பு என்ற ஊர்ப்பெயரைத்தான். ஒன்பது எழுத்து. அதில் ஐந்து உகரம். அந்த ஐந்தையும் நாலு விதமாக எழுத வேண்டும். பு நேரே கீழே இறங்கும். து வலப்பக்கம் சுருண்டு வரும். கு அடியால் வளையும். ரு வாலைச் சுழித்துக்கொண்டு நிற்கும். கடைசியில் மறுபடி ஒரு பு, அது முதல் பு வைப் போலவே இருக்க வேண்டும். இடையில் க், ப் என்று இரண்டு குற்று, டி, யி என்று இரண்டு மேல்விலங்கு. இந்த ஒரு பெயரை எட்டடித் தகரத்தில் பிசகில்லாமல் எழுதுகிறவனிடம் எந்தக் கடைப் பலகையையும் நம்பிக் கொடுக்கலாம்.

இது பரந்தன் சந்தியடியில் கடை வைத்திருந்த என் மாஸ்ரர் எங்களுக்கு வைத்த சோதனை. யாழ்ப்பாணத்தில் வின்சர், ராணி, மனோகரா தியேட்டர்களுக்குப் படத்துக்குப் படம் கையால் விளம்பரம் எழுதிய காலத்தில் அவர் தொழில் பழகினார். எண்பதுகளின் தொடக்கத்தில் வன்னிக்கு வந்தார். படம் கீறவும் தெரியும், ஆனால் மனம் எழுத்தில்தான். எங்களை ஒருபோதும் பலகைக்குக் கிட்ட நின்று பார்க்க விட்டதில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, கண்ணைப் பாதி மூடச் சொல்லுவார். "எழுத்தைப் பாக்காதை மோனை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலை கிடக்கிற வெளியைப் பார். ஒவ்வொரு வெளிக்குள்ளையும் ஒரே அளவு அரிசி கொட்டலாமோ எண்டு பார்." அப்படிப் பார்த்தால் எந்த இடம் இருண்டு நெரிந்து கிடக்கிறது, எந்த இடம் ஓட்டையாகத் தெரிகிறது என்பது உடனே பிடிபடும். இன்றைக்கும் ஒரு பலகையை முடித்தவுடன் என் கால் தானாக வீதியைக் கடக்கிறது.

இந்த வெளிக் கணக்கை அடிமட்டத்தால் அளக்க முடியாது. ப, ம, ய மாதிரி நேர்க்கோட்டில் தொடங்கும் எழுத்துக்கு முன்னால், ன, ள மாதிரி நேர்க்காலில் முடியும் எழுத்து வந்தால் இடைவெளியைக் கூட்ட வேண்டும். வளைவும் வளைவும் முட்டும் இடத்தில் குறைக்க வேண்டும். ட தான் எல்லாரையும் ஏமாற்றும். அதன் காலுக்கு மேலே வலப்பக்கம் முழுக்க வெறுமை. ஒட்டுசுட்டான் என்ற பெயரில் நாலு ட இருக்கிறது. சம இடைவெளி விட்டு எழுதிப் பாருங்கள், பல்லு விழுந்த வரிசை போலத் தெரியும். ட் இன் குற்றை அதன் தூணுக்கு நேர் மேலே வைக்காமல் காற்பக்கம் கொஞ்சம் தள்ளி வைப்பதும், அடுத்த எழுத்தை அந்தக் காலுக்கு நெருக்கிக் கொண்டுவருவதும் மாஸ்ரரின் கைவழி. அதைப் புத்தகத்தில் நான் கண்டதில்லை.

ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாடம். கிளிநொச்சியில் நெரிசல் முழுவதும் மேலே. ஐந்து எழுத்தில் மூன்று மேல்விலங்கு, ஒரு குற்று. உடம்பின் உயரத்தில் மூன்றிலொரு பங்கை மேலே விடாவிட்டால் விலங்குகள் சட்டத்தில் முட்டும். புதுக்குடியிருப்புக்கு அதே அளவு இடம் கீழே வேண்டும். ஆகவே இரண்டு ஊரையும் ஒரே பலகையில் எழுதச் சொன்னால் அடிக்கோட்டை ஒரே இடைவெளியில் போடக்கூடாது. வவுனியாவில் வ வும் வு வும் அடுத்தடுத்து நிற்கும். ஒரே கை ஒரே மூச்சில் எழுதியது என்று அவை காட்டிக்கொடுக்கும், அல்லது காட்டிக்கொடுக்காது. முல்லைத்தீவில் லை. பழைய கோயில் பலகைகளில் அந்த லை தும்பிக்கையோடு இருக்கும். தமிழ்நாடு 1978 இல் எழுத்தைச் சீர்திருத்தியது. எங்கள் பக்கத்துக்கு அது மெல்லத்தான் வந்தது. கோயில்காரர் சிலர் பழைய எழுத்திலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுவார்கள். அதற்காகவாவது தும்பிக்கை லை, ளை, ணை, னை எழுதப் பழகி வையுங்கள். தும்பிக்கையின் தடிப்பு தொடக்கத்தில் மெலிந்து, வளைவில் தடித்து, எழுத்தின் தலையைத் தொடும் இடத்தில் மறுபடி மெலிய வேண்டும்.

என்னிடம் பழகிய பையன் ஒருவன் மாங்குளத்துக் கடையொன்றுக்குப் பலகை எழுதினான். இடப்பக்கமிருந்து ஆர்வமாக எழுதிக்கொண்டு போனான். கடைசி ம் க்கு வந்தபோது பலகை முடிந்துவிட்டது. எழுத்துகளை எண்ணினான், அகலத்தை எண்ணவில்லை. பெரும்பாலான எழுத்து ஒரு பங்கு. அரவு அரைப் பங்கு. ள, ண, ஞ மாதிரியானவை ஒன்றரை. மாங்குளம் என்றால் மா ஒன்றரை, ங் ஒன்று, கு ஒன்று, ள ஒன்றரை, ம் ஒன்று. ஆக ஆறு பங்கு, நாலு இடைவெளி. எட்டடிப் பலகை 96 அங்குலம். இரு கரையிலும் ஒவ்வோர் அடி விட்டால் 72. இடைவெளிகளுக்கு 12 ஐ ஒதுக்கினால் மிச்சம் 60, பங்குக்குப் பத்து அங்குலம். இது தொடக்கக் கணக்குத்தான். பிறகு நீல நூல் அடித்து மேல்கோடு, அடிக்கோடு எடுத்து, வெண்கட்டியால் மெல்லக் கீறிவிட்டு வீதிக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். அந்தப் பையன் தகரம் முழுவதையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினான். பெயின்ற் ஈரமாக இருக்கையிலேயே துடைத்தது அவனுடைய நல்ல புத்தி. இப்போது அவன் என்னை விடவும் நன்றாக ள எழுதுகிறான்.

பெயின்ற்றைப் பற்றிச் சொல்வதென்றால் வெயிலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வன்னி வெயிலில் பத்து மணிக்குப் பிறகு தகரம் கொதிக்கும். எனாமல் பிறஸை விட்டு இறங்க முதலே இழுபடும். விடியற்காலை எழுதுங்கள், இல்லாவிட்டால் மர நிழலுக்குக் கொண்டுபோங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் வீதியோரம் எழுதினால் செம்மண் தூசி ஒட்டும். மாரியில் காயாது. தகரத்துக்குச் சிவப்பு ஒக்சைட் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன் மேல் இரண்டு கோட்டு அடிநிறம். அவசரப்பட்ட பலகை இரண்டு மாரிக்குள் உரிந்துவிடும். பிறஸை மண்ணெண்ணெயில் கழுவி, சவர்க்காரம் போட்டு, தேங்காயெண்ணெய் தடவி நுனியைக் கூட்டிப் படுக்க வைக்க வேண்டும். நிற்க வைத்தால் மயிர் வளைந்துவிடும். வளைந்த பிறஸால் கொம்பின் சுழி வராது.

பெயின்ற் ரின்னைக் கண்ணால் காண முடியாத காலமும் இருந்தது. தொண்ணூறுகளில் போர், பொருளாதாரத் தடை. 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்து மல்லாவி, அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று சனம் பரவியபோது பள்ளிக்கூடங்கள் மரத்தடியில் நடந்தன. கரும்பலகைக்குக் கறுப்பு வேண்டும். பழைய ரோச் பற்றரியை உடைத்து, உள்ளே இருக்கும் கரியை அரைத்து, கோவை இலைச் சாற்றில் குழைத்துப் பூசினோம். எழுத்துக்குச் சுண்ணாம்பும் காவியும், பிடிப்புக்கு விளாம்பிசின். பிசின் கூடினால் வெடிக்கும், குறைந்தால் விரலோடு வரும். விரலிடுக்கில் வைத்துப் பிரித்துப் பார்த்தால் நூல் மாதிரி இழுபட வேண்டும், அதுதான் பதம். தாழை விழுதை நசுக்கிப் பிறஸ் ஆக்கினோம். அந்தப் பிறஸால் மெல்லிய கோடு வராது. அதனால் எழுத்தைத் தடிப்பாகவும் சுழியைத் திறந்தும் எழுதப் பழகினோம். நிவாரணப் பெட்டியின் மட்டையில் அ, ஆ எழுதி மரத்தில் தொங்கவிட்டோம். மாஸ்ரர் அந்த மட்டைகளுக்கும் நூல் பிடித்துக் கோடு போட்டார். பிள்ளைகள் முதல் பார்க்கும் எழுத்து கோணலாக இருக்கக் கூடாது என்பதில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை.

2002 இல் ஏ9 வீதி திறந்தது. ஓமந்தையால் பெயின்ற் வந்தது, தகரம் வந்தது, கடைகள் வந்தன. சாப்பாட்டுக் கடை, சைக்கிள் கடை, வாகனம் திருத்துமிடம், எல்லாருக்கும் பலகை வேண்டும். என் கை தேர்ந்தது அந்த நாலு வருசத்தில்தான். 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது.

2008 இன் கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது ஒரு கடைக்காரர் தன் பலகையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தர்மபுரத்தில் அது கூரை, அதற்கப்பால் பதுங்குகுழி மூடி. மீள்குடியேறிய பிறகு ஆளை அனுப்பித் தேடி எடுப்பித்து என்னிடம் கொண்டுவந்தார். நிறம் போய்விட்டது, துளைகள் இருந்தன. நான் அடிநிறம் பூச முதல் தகரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன். பழைய எழுத்தின் பெயின்ற் தடிப்பு விரலுக்குத் தெரிந்தது. மாஸ்ரரின் கை அது. வெண்கட்டித் தூளைத் துணியில் முடிந்து மெல்லத் தட்டினால் தூள் அந்த மேட்டின் கரையில் தங்கும், எழுத்து மேலெழும்பி வரும். அதைப் பின்பற்றி எழுதினேன். பழைய பலகையைச் சுரண்டிவிட்டு எழுதச் சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சுரண்ட முதல் தூள் தட்டிப் பாருங்கள்.

இப்போது டிஜிற்றல் பனர் ஒரு மணித்தியாலத்தில் வருகிறது. எனக்கு அதில் கோபமில்லை. கோபம் இதில்தான்: தமிழ்ப் பெயர் நீளமாக இருந்தால் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கிவிடுகிறார்கள். மூன்று மொழிப் பலகையில் சிங்களம் வட்டமாக நிற்கும், ஆங்கிலம் தாராளமாக நிற்கும், தமிழ் ஒல்லியாகி மூச்சுத் திணறும். பாமினி எழுத்துருவை நசுக்கினால் ணை யும் னை யும் பிரித்துப் பார்க்க முடியாது. எழுத்துப் பிழை வேறு. 1987 இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. பலகையில் அதற்கு இடம் ஒதுக்குவது எழுதுகிறவனின் வேலை. நீளமான பெயரை இரண்டு வரியாக உடையுங்கள், எழுத்தை நசுக்காதீர்கள். சிங்கள எழுத்தையும் பழகுங்கள். அதன் வட்டத்தைப் பிறஸை எடுக்காமல் ஒரே சுழற்றில் போட வேண்டும். அந்தப் பயிற்சி நம் ஞ, ண சுழிகளையும் திருத்தும்.

ஓவியர்கள் எழுத்தை எடுத்துக் கையாண்டிருக்கிறார்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1963 அளவில் தொடங்கிய சொற்களும் குறியீடுகளும் வரிசை, ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய தலைப்பெழுத்துகள், யாழ்ப்பாணத்தின் சனாதனன் இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து கீறிய வீட்டுப் படங்களைச் சேர்த்து 2011 இல் கொண்டுவந்த தோம்பு நூல். பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். ஆதிமூலத்தின் எழுத்தில் பிறஸ் எங்கே அழுந்தியது, எங்கே தூக்கியது என்று தேடுங்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் மிகுந்த கவனத்தோடு எழுதுவது காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயர்களை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் அவர்களுடைய அம்மாமார் போராட்டம் இருக்கத் தொடங்கினார்கள். பிடிக்கிற மட்டைகள் வெயிலில் வெளிறின. சிவப்புத்தான் முதலில் போகும், கறுப்பு நிற்கும். அதனால் பெயரைக் கறுப்பில் எழுதுகிறேன். மகனின் பெயரைப் பெரிதாகவும் திகதியைச் சிறிதாகவும் நான் எழுதியிருந்ததைப் பார்த்து ஓர் அம்மா, "திகதியையும் பெரிசா எழுதுங்கோ தம்பி, பஸ்ஸிலை போறவைக்கும் தெரியவேணும்" என்றார். ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்க வேண்டுமென்றால் எழுத்தின் உயரத்தை விட இடைவெளிதான் முக்கியம். இலக்கங்களை அகல விட்டு மறுபடி எழுதிக் கொடுத்தேன். இந்த வேலைக்குக் காசு வாங்குவதில்லை. பழக வருகிற பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லித்தான் சேர்த்துக்கொள்கிறேன்.

பழக விருப்பமுள்ளவர்கள் பிறஸ் வாங்க அவசரப்பட வேண்டாம். ஒரு கோடு போட்ட கொப்பி, பென்சில், அடிமட்டம் போதும். முதலில் குற்று மட்டும் எழுதுங்கள், ஒரு பக்கம் முழுக்க ஒரே பருமனில். பிறகு அரவு, பிறகு கொம்பு. ஒரு பலகையை எழுதி முடித்தால் வலப்பக்கக் கீழ் மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் சின்னதாக எழுதிவிடுங்கள். என் மாஸ்ரர் அப்படி எழுதியதில்லை. அவர் எழுதியவற்றில் எது மிஞ்சியது என்று இன்றைக்கு விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.