ஹேவ்லாக் தீவுக்குப் போகிறீர்களா? திரும்பும் நாளிலிருந்து கணக்குப் போடுங்கள்!

வீட்டில் ஒரு விசேஷம் என்றால் முகூர்த்த நேரத்தை வைத்துக்கொண்டு பின்னாலிருந்துதானே கணக்குப் போடுகிறோம்? இலை போட வேண்டிய நேரம் தெரிந்தால்தான் உலை வைக்கும் நேரம் தெரியும். கடலுக்குள் மூழ்கிப் பார்க்கும் ஸ்கூபா பிரயாணமும் அப்படித்தான். அதில் புறப்படும் நாளைவிடத் திரும்பும் நாள்தான் முக்கியம்.

சென்ற பிப்ரவரியில் நாங்கள் நால்வரும் (என் கணவர், நான், கல்லூரியில் படிக்கும் மகள், 12 வயது மகன்) அந்தமானிலுள்ள ஹேவ்லாக் தீவுக்குப் போய் வந்தோம். 2018-ல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேயரும் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் ஒரு பெயரும் ஊரார் வாயில் இன்னொரு பெயருமாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலிலும் போகலாம்; ஏறக்குறைய மூன்று நாள் பிடிக்கும். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குப் படகுதான். தனியார் படகு ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் சேர்த்துவிடும். அரசுப் படகுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம். இந்தியர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டாம், ஆனால் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கட்டாயம். காற்றும் மழையும் பலத்தால் படகு நின்றுவிடும். இருட்டிய பிறகு கிடையவே கிடையாது. ஆகவே ஜனவரி முதல் ஏப்ரல் வரை போவது நல்லது.

இனி அந்த முக்கியமான கணக்குக்கு வருகிறேன். தலைக்கு மேல் 10 மீட்டர் தண்ணீர் இருந்தால், உடம்பின் மேல் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது, அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு மெள்ள மெள்ளத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், உயரத்தில் அழுத்தம் குறையக் குறைய, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழிகள் கிளம்பலாம். மூட்டுவலியில் தொடங்கி, கைகால் விழுந்துபோகிற அளவுக்குக்கூட அது கொண்டுபோய்விடும்.

அதனால் ஒரே முறை மூழ்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. 24 மணி நேரம் விட்டால் நிம்மதி. படகில் போவதற்கு இந்தத் தடை இல்லை.

"கடைசி நாள் காலையில் படகு ஏறி, மத்தியானமே விமானத்தைப் பிடித்துவிட்டால் ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சமாச்சே?" என்றார் என் கணவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் முதல் நாளே பார்த்துவிடும் செல்லுலார் சிறையையும் வெற்றிமலை முருகன் கோயிலையும் கடைசிக்குத் தள்ளி வைத்தேன். முதல் நாள் போர்ட் பிளேயரில் ஓய்வு, அடுத்த மூன்று இரவு ஹேவ்லாக், பிறகு ஒரு இரவு திரும்பவும் போர்ட் பிளேயர் என்று ஏற்பாடு. நல்லவேளை! நாங்கள் திரும்ப வேண்டிய அன்று காலைப் படகு காற்றினால் நின்று, மத்தியானம்தான் இடம் கிடைத்தது. அன்றே விமானம் பிடிக்க வேண்டியவர்கள் படகுத்துறையில் தவித்ததைப் பார்க்கவே பாவமாயிருந்தது. நாங்கள் மறுநாள் காலை சிறையைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டே விமானம் ஏறினோம்.

இன்னொன்றையும் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். மூழ்குவதற்கு முன் உடல்நிலை பற்றிய கேள்வித்தாள் ஒன்றைத் தருவார்கள். ஆஸ்துமா, காது நோய், இதய நோய், வலிப்பு, கர்ப்பம் எல்லாம் அதில் வரும். என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. 10 வயது நிரம்பினால் மூழ்கலாம் என்று கேட்டதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இளைப்பு இல்லைன்னு எழுதிடுங்க மாமி, ஒண்ணும் ஆகாது" என்று தெரிந்த பெண் ஒருத்தி யோசனை சொன்னாள். என் மனம் கேட்கவில்லை. கேள்வித்தாளை முன்கூட்டியே வரவழைத்து, நெஞ்சு நோய் டாக்டரிடம் அவனைக் கூட்டிப் போனேன்.

"ஆழத்திலிருந்து மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று விரியும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் அந்தக் காற்று வெளியே வர வழியில்லாமல் நுரையீரலையே கிழித்துவிடலாம். இவனுக்கு வேண்டாம்மா. கரையோரம் மேலே மிதந்தபடி பார்க்கட்டும்" என்றார் டாக்டர். பிள்ளை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அங்கே போய் மிதவைச் சட்டையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, எலிபென்ட் கடற்கரையில் பயிற்சியாளரின் கையைப் பிடித்தபடி மீன்களைப் பார்த்தவன், தண்ணீரை விட்டு வரவே மாட்டேன் என்றான். அக்கா ஆழத்தில் பார்த்ததை இவனும், இவன் மேலே பார்த்ததை அவளுமாகச் சொல்லி ஓயவில்லை.

சில குறிப்புகள்:

* முதலில் திரும்பும் விமானம், அடுத்து படகு, பிறகு அறை என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள்.

* ஜலதோஷம், மூக்கடைப்பு இருந்தால் மூழ்கக் கூடாது. காது வலி கொன்றுவிடும். அதற்காக ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

* கைக்குழந்தை இருந்தால் கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் கடலில் இறங்க வேண்டாம். ஒருவர் கரையில் இருக்கட்டும்.

* கையில் ரொக்கம் இருக்கட்டும். தீவில் பணம் எடுக்கும் இயந்திரங்கள் குறைவு. வழக்கமான மருந்துகளையும் இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.

* படகில் குமட்டல் வருபவர்கள் வயிற்றை நிரப்பாமல் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இஞ்சி மரப்பா கைகொடுக்கும்.

* பவளம் எதையும் கொண்டுவரக் கூடாது, சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் சோதிப்பார்கள்.

அங்கே ஐந்து மணிக்கெல்லாம் விடிந்து, சாயந்திரம் ஐந்தரைக்குள் இருட்டிவிடும். ஆகவே ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்க நினைப்பவர்கள் நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.