படகைக் கழுவுகிறோம், டிரெய்லரை?

மெல்பர்னின் தென்கிழக்கே, டாண்டினாங் பக்கம் ஒரு நண்பர் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். லீவு கிடைத்தால் பேட்டர்சன் ஆற்று இறங்குதுறையில் படகை இறக்கி, போர்ட் பிலிப் விரிகுடாவில் மீன் பிடிக்கப் போய்விடுவார். பழையதாக வாங்கிய படகு டிரெய்லரின் தேய்ந்த பாகங்களை இன்று மாற்றுகிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். அலுமினியப் படகைத் தனியே இறக்கி வைத்துவிட்டிருந்தார். வெறும் டிரெய்லர் நின்றது.

"படகை எல்லாரும் கழுவுவினம் தம்பி. இதை ஆரும் பாக்கிறேல்லை" என்றபடி ஜாக்கி போட்டு இடது சக்கரத்தைத் தூக்கினார். சுழற்றிவிட்டதும் கரகரவென்று சத்தம். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் ஆட்டம் கொடுத்தது. பேரிங் போய்விட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஹப்பைக் கழற்றினார். உள்ளே கிரீஸ் பால் விட்ட காப்பி மாதிரி வெளுத்திருந்தது. கடல் தண்ணீர் கலந்துவிட்டது. எப்படி நுழைந்தது? நெடுஞ்சாலையில் ஓடி வரும்போது ஹப் சூடாகிறது, உள்ளிருக்கும் காற்று விரிகிறது. அதே சூட்டோடு இறங்குதுறையில் குளிர்ந்த தண்ணீருக்குள் விட்டால் காற்று சட்டென்று சுருங்கும். ஆயில் சீல் தேய்ந்திருந்தால் அந்த வெற்றிடம் உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு வண்டி சும்மா நிற்கும் நாட்களில்தான் துரு தன் வேலையைச் செய்கிறது. ஆகவே துறைக்கு வந்ததும் படகை இறக்காமல், ஹப்பில் கை வைத்துச் சூடு தணிந்ததா என்று பார்ப்பது அவர் வழக்கம். செலவில்லாத நல்ல பழக்கம் இது.

இந்த ஊரில் சிறிய டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் இரண்டே வகை பேரிங். ஹோல்டன் காரிலிருந்து வந்த எல்.எம்., ஃபோர்டிலிருந்து வந்த எஸ்.எல். உள்பக்கத்துப் பெரிய பேரிங்கில் 67048 என்று பொறித்திருந்தால் முதல் வகை, 68149 என்றால் இரண்டாவது. துணியால் துடைத்து எண்ணைப் படித்த பிறகுதான் அவர் கடைக்குப் போனாராம். பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஹப்புக்குள் இருக்கும் கப்பை அப்படியே விடக்கூடாது. பழைய கப்பில் விழுந்த குழிகள் புது உருளைகளையும் சீக்கிரம் தின்றுவிடும். அதையும் தட்டி எடுத்தார்.

தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கும்வரை நிரப்பினார். மேலே தடவிவிடுவது போதாது. பின்னர் ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சற்றுத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்தினார். 14 அங்குலச் சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த ஓட்டத்தில், அதிகமாக இறுக்கிய பேரிங் வெந்துபோகும். காட்டர் பின் புதிது, சீலும் புதிது. இரண்டையும் மறுபடி போடவே கூடாது.

லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்லும் ஸ்பிரிங்கில் வெளியே துத்தநாகப் பூச்சு பளிச்சென்றிருந்தது. பட்டைகளின் இடுக்கில் திருப்புளியை விட்டுக் கிளறினால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. ஒரு பக்கம்தான் மோசம். ஆனாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினார், யூ போல்ட்டுகளோடு. ஒன்று விறைப்பாகவும் மற்றது தளர்ந்தும் இருந்தால் டிரெய்லர் சாய்ந்துதான் ஓடும்.

படகு உட்காரும் மரக்கட்டைகளும் உளுத்திருந்தன. இங்கே எனக்குப் புதிதாக ஒன்று தெரிந்தது. செம்பு கலந்த மருந்தேற்றிய மரம் அலுமினியப் படகுக்கு ஆகாது. ஈரத்தில் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். எனவே மருந்தேற்றாத கடினமரம் வாங்கி வைத்திருந்தார்.

டயர்களில் பட்டன் நன்றாகவே இருந்தது. ஆனால் டிரெய்லரில் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் வெடித்துப்போகும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1412 என்றால் 2012ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். அவற்றையும் கழித்துவிட்டார்.

பழைய படகு வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைக் கிளப்பிப் பார்ப்பதற்கு முன் டிரெய்லரின் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். கரகரத்தால், புது பேரிங் போட்டு முடிக்கும்வரை அதைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.