செவிக்கு ஒரு விரதம்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மார்கழிப் பகலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் நமக்கு ஓர் அவமானம் நேர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் யாருக்கும் அது தெரியாது. பகல்பத்து உற்சவம், அரையர் சேவை நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய தலங்களில்தான் இந்தப் பழைய சேவை இன்றும் எஞ்சியிருக்கிறது. உயர்ந்த குல்லாய் தரித்த அரையர் கையில் தாளத்துடன் நின்று பாசுரம் பாடுவார், அபிநயம் பிடிப்பார், வியாக்கியானம் சொல்வார். பக்கவாத்தியம் என்று பெயருக்கும் கிடையாது. அந்த இரண்டு சிறிய தாளங்களே சகலமும்.

தாளங்கள் ஒன்றோடொன்று சேர்வதை நம் கண் கண்டது. காதுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. பாட்டுக் கேட்டது, ஆனால் கம்பளிக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோலக் கேட்டது. பக்கத்தில் நின்ற நம் பெண்ணிடம் குனிந்து, "தாளம் கேட்கிறதா, அம்மா?" என்றோம்.

"நன்றாய்க் கேட்கிறதே! ஏனப்பா இப்படிக் கத்துகிறீர்கள்?" என்றாள் குழந்தை.

நாமோ ரகசியமாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

நம் தொழிலைச் சொல்லாமல் மேலே போவது நேயர்களுக்குச் செய்யும் அநியாயம். நாம் ஒரு மெல்லிசைக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கிறோம். பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மன் பூக்குழி, ஆடியில் ஆண்டாள் தேர், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் விழா, நடுநடுவே கல்யாணம், காதுகுத்து என்று ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சாலையில் நம் ஆயுசு ஓடிக்கொண்டிருக்கிறது. (காதுகுத்து வைபவத்தில் குழந்தைக்கு இரண்டு ஊசித் துளையோடு போய்விடுகிறது. மேடையில் இருக்கும் நம் காதுகளுக்கு நேர்வதை யாரும் கவனிப்பதில்லை.) அன்று கோயிலுக்கு வருமுன், முதல் நாள் இரவு ராஜபாளையத்தில் நாலு மணி நேரம் வாசித்துவிட்டு வந்திருந்தோம். காதுக்குள் 'கொய்' என்ற இரைச்சல் விடிந்த பிறகும் நிற்கவில்லை. அது தொழிலோடு வருவது, தூங்கினால் போய்விடும் என்பது அதுவரை நம்முடைய அபிப்பிராயம்.

பாஸ் கிட்டார்க்காரனைச் சபையில் யாரும் பார்ப்பதில்லை. கச்சேரி முடிந்ததும் பாடகரைச் சுற்றிக் கூட்டம் கூடும், நம்மிடம் வந்து, "நீங்கள் மேடையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்ட மகானுபாவர்கள் உண்டு. நாலு கம்பி, அவற்றில் கீழ் ஸ்தாயிக் கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிரும். அந்த நாதம் கேட்பதைவிட உணரப்படுவதே அதிகம். அது நின்றால்தான் ஏதோ குறைகிறது என்று ஜனங்களுக்குத் தெரியும். 1976-ல் 'அன்னக்கிளி' வெளிவந்து இளையராஜா தமிழ்நாட்டைப் பிடித்துக்கொண்ட பிறகு, நம் வாத்தியத்துக்கும் சினிமாப் பாட்டில் ஒரு கௌரவமான நாற்காலி கிடைத்தது. நாம் இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்ததற்கு அவர்தான் காரணம். காதைக் கெடுத்துக்கொண்டதற்குக் காரணம் நாமே.

அதே 1976-ஆம் வருஷம் மே மாதம் லண்டனில் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் 'தி ஹூ' என்ற ஆங்கிலக் குழு ஒரு கச்சேரி செய்தது. மேடையிலிருந்து 32 மீட்டர் தள்ளி அளந்தபோது 126 டெஸிபல். உலகத்திலேயே மிகுந்த சப்தமுள்ள கச்சேரி என்று கின்னஸ் புத்தகத்தில் பல வருஷம் அது வீற்றிருந்தது. அந்தக் குழுவில் பாஸ் வாசித்தவர் ஜான் என்ட்விஸில். மகா வித்வான். பிற்காலத்தில் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்துவிட்டார். அந்தப் புத்தகத்தில் இடம் பெறக் கொடுத்த விலை!

தாழ்ந்த ஸ்வரம் வாசிக்கிறவனுடைய காது கெடுவானேன் என்று நமக்கே வெகுநாள் சந்தேகம். விஷயம் இதுதான். மனிதக் காது தாழ்ந்த நாதத்தைக் கேட்பதில் மந்தம். நொடிக்கு மூவாயிரம் நாலாயிரம் அதிர்வுள்ள கூர்மையான ஒலியைக் கேட்பதில் மகா சூரன். பிளெட்சர், மன்ஸன் என்ற இருவர் 1933-லேயே இதைக் கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆகவே மேடையில் எல்லோருடைய சப்தமும் நம் காதில் விழும். நம்முடையது மட்டும் விழாது. உடனே நாம் பெட்டியின் திருகைத் திருப்புவோம். அதைக் கேட்டு லீட் கிட்டார்க்காரர் தம்முடையதைத் திருப்புவார். டிரம்ஸ் வாசிக்கும் தம்பிக்குத் திருப்பத் திருகு இல்லாததால் பலத்த கையால் ஓங்கி அடிப்பான். வழக்கப்படி அவனுடைய பித்தளைத் தட்டுகளுக்குப் பக்கத்திலேயே நமக்கு ஸ்தானம். நம் வலது காதுக்கு எமன் அந்தத் தட்டுகள்தாம்.

மதுரையில் செவிப் பரிசோதனை செய்யும் ஓர் அம்மாளிடம் போனோம். ஒலி நுழையாத சிறு அறையில் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, சப்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். எவ்வளவோ மேடையில் தைரியமாக ஏறிய நமக்கு அந்த அறையில் வியர்த்துவிட்டது. முடிந்ததும் ஒரு படம் வந்தது. தரையோடு ஓடிய கோடு நாலாயிரம் என்ற இடத்தில் பள்ளத்தில் விழுந்து மறுபடி எழுந்திருந்தது. வலது காதில் பள்ளம் அதிகம்.

"இது சப்தத்தால் வந்த பள்ளம்" என்றார் அம்மாள்.

"மருந்து?"

"வந்தது வந்ததுதான். இதற்குமேல் போகாமல் காக்கலாம்."

உட்காதில் நத்தை போலச் சுருண்ட ஓர் உறுப்பு. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள். காற்றின் அதிர்ச்சியை நரம்புக்கு எடுத்துச் சொல்லும் தூதர்கள் இவை. பெருஞ்சப்தம் இவற்றைக் களைக்கச் செய்யும். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தேறும். மேன்மேலும் அடித்தால் சாகும். கோழிக்குஞ்சுக்கு இவை செத்தால் மறுபடி முளைக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். மனிதனுக்கு முளைப்பதில்லை. பிரம்மதேவன் கோழியிடம் காட்டிய கருணையை நம்மிடம் காட்டவில்லை. ரத்தம் வராத, வலிக்காத காயமானதால் பட்டவனுக்கே தெரியாது. முதலில் போவது உயர்ந்த ஒலிகள்: அரையரின் தாளம், குருவிச் சப்தம், அப்புறம் பேச்சிலுள்ள மெய்யெழுத்துக்களின் கூர்மை. கடை, சடை, தடை, படை நாலும் 'அடை' என்றே காதில் விழும். வீட்டில் கடைக்குப் போகச் சொன்னால் நாம் அடைக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததன் மர்மம் அன்றுதான் விளங்கிற்று.

நம் தகப்பனாரின் ஞாபகமும் அன்றே வந்தது. நூல் ஆலைகளால் வளர்ந்த ஊர் ராஜபாளையம். அவர் முப்பது வருஷம் ஓர் ஆலையில் வேலை பார்த்தவர். ஆலைச் சங்கு ஊதி வீடு வந்தால் தெருக்கோடி வரை கேட்கும்படி பேசுவார். யாரும் அவரைச் செவிடு என்று சொன்னதில்லை. 'மில் குரல்' என்று சொல்லிச் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது சங்கடமாக இருக்கிறது.

ஊரெல்லாம் பஞ்சாயிற்றே, காதில் கொஞ்சம் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். நாமும் வைத்துப் பார்த்தோம். பஞ்சு காற்றைப்போலச் சப்தத்தையும் தாராளமாக உள்ளே விடும். பக்கத்திலிருக்கும் சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடி ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்து தள்ளுகின்றன. காதின் காயத்துக்குக் கட்டுப்போட அங்கேயும் துணி இல்லை. அந்தத் தறிகளின் நடுவே நிற்கிறவர்களின் காதையும் யாராவது பரிசோதித்தால் தேவலை.

கணக்கு ஒன்று சொல்லுகிறோம். அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தார் வகுத்த அளவுப்படி 85 டெஸிபல் சப்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். மூன்று டெஸிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு. இப்படியே போனால் 100 டெஸிபலுக்குப் பதினைந்தே நிமிஷம். கைப்பேசியில் ஒரு நாள் நம் மேடையை அளந்தோம். 100-ஐச் சுற்றி ஆடியது. கைப்பேசி துல்லியமான தராசு அல்லதான். ஆனாலும் பிள்ளையார் பாட்டு முடிந்து இரண்டாம் சினிமாப் பாட்டு வருவதற்குள் அன்றைய ரேஷன் தீர்ந்துவிடுகிறது. மிச்சம் மூன்றே முக்கால் மணி நேரமும் கடன்.

இதற்கென்றே 1988 முதல் சங்கீதக்காரர்களுக்கான அடைப்பான்கள் கிடைக்கின்றன. சாதாரண நுரை அடைப்பான் கூர்மையான ஒலியை அதிகமாக அடைத்துப் பாட்டையே போர்வைக்குள் தள்ளிவிடும். மற்றது உயர்ந்த ஒலி, தாழ்ந்த ஒலி எல்லாவற்றையும் சுமார் 15 டெஸிபல் ஒரே சீராய்க் குறைக்கும். 100 என்பது 85 ஆகும். பதினைந்து நிமிஷம் எட்டு மணி ஆகும். அம்மாள் நம் காதில் பசையை ஊற்றி அச்சு எடுத்து அளவாகச் செய்வித்துக் கொடுத்தார். இரண்டு மூன்று கச்சேரிப் பணம் போயிற்று. வாங்க இயலாதவர்களுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானே போதும். ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

முதல் நாள் மேடையில் நடந்த ரகளை சொல்லி முடியாது. "காதை அடைத்துக்கொண்டு சங்கீதமா, அண்ணே?" என்று டிரம்ஸ் தம்பி சிரித்தான். விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர், "ஏன் தம்பி, எங்கள் ஊர்க் கச்சேரி கேட்கச் சகிக்கவில்லையா?" என்று மெய்யாகவே வருத்தப்பட்டார். நமக்கும் முதல் இரண்டு கச்சேரி நம் வாசிப்பே அந்நியமாகத் தோன்றியது. மூன்றாவதில் பழகிவிட்டது. மற்றொரு தந்திரமும் கற்றோம். தரையில் வைத்த பெட்டி நம் முழங்காலுக்குத்தான் பாடும். முழங்காலுக்குக் காது ஏது? ராஜபாளையத்தில் மாம்பழப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. இரண்டு மரப்பெட்டியை அடுக்கி, அதன்மேல் ஒலிப்பெட்டியைக் காதுக்கு நேராகச் சாய்த்து வைத்தோம். திருகைப் பாதி குறைத்தும் நம் ஸ்வரம் நமக்குத் தெளிவாகக் கேட்டது. தட்டுகளிடமிருந்தும் இரண்டு கஜம் தள்ளி நின்றோம்.

உடம்பின் மற்ற கஷ்டங்கள் இவ்வளவு நூதனமானவை அல்ல. நாலு கிலோ வாத்தியம் நாலு மணி நேரம் இடது தோளில் தொங்கினால் கழுத்து என்னாகும் என்று தண்ணீர்க்குடம் சுமந்தவர்களைக் கேட்டால் தெரியும். அகலப் பட்டையாகப் போட்டுக்கொண்டோம். நள்ளிரவுப் பரோட்டாவை விட்டோம். பால்கோவாவைப்பற்றி வைத்தியர் சொன்னதை இங்கே எழுதினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாம் நடமாட முடியாது. ஆனால் மின்சாரத்தில் மட்டும் தமாஷ் கூடாது. கம்பியில் கை, மைக்கில் உதடு, மேடையில் 'எர்த்' சரியில்லை என்றால் நம் தேகமே சுற்றை முடித்துவைக்கும் கம்பியாகிவிடும். 1972-ல் பிரிட்டனில் ஸ்வான்ஸீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் வித்வான் இப்படித்தான் இறந்தார். ஆகையால், எர்த் கம்பியைக் கண்ணால் பார்க்காமல் நாம் வாத்தியத்தைச் செருகுவதில்லை.

இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்லுகின்றன. திருவிழாவுக்காகச் சர்க்கார் வருஷத்தில் பதினைந்து நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை சலுகை தரலாம். ஊருக்கு இது தூக்கத்தைப்பற்றிய சட்டம். நமக்கு ரேஷனைப்பற்றிய சட்டம். பத்து மணிக்குப் போலீஸ்காரர் வந்து நின்றால், குழுவில் நாம் ஒருவர் மட்டும் உள்ளூர மகிழ்கிறோம்.

கச்சேரிக்கு மறுநாள் காதுக்கு ஓய்வு வேண்டும் என்பது அம்மாளின் கட்டளை. ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னையில் பிரதம மந்திரியாகவும் முதல் மந்திரியாகவும் இருந்த குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டையே ஊருக்கு எழுதிவைத்ததால் உண்டானது அது. அந்த வழியே போகையில்தான் மகாத்மாவின் திங்கட்கிழமை மௌன விரதம் நினைவுக்கு வந்தது. எத்தனையோ பேர் தம்மைச் சூழ்ந்திருக்க, வாரத்தில் ஒரு நாள் அவர் பேசாதிருந்தார். அவருடையது வாய்க்கு, நம்முடையது காதுக்கு. கச்சேரிக்கு மறுநாள் நம் வீட்டில் டெலிவிஷன் கிடையாது, பாட்டுக் கிடையாது, மோட்டார் சைக்கிள் சவாரி கிடையாது. வீட்டார் முதலில் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பும் நம் காதில் விழவில்லை.

சென்ற மார்கழியில் இரண்டு நாள் விரதமிருந்து அரையர் சேவைக்குப் போனோம். முன்வரிசையில் நின்றோம். தாளம் கேட்டது, நம் பெண்ணுக்குக் கேட்கும் அளவுக்கு அல்ல. அந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கிறதாம். ஆழம் மட்டும் கூடவில்லை என்று இவ்வருஷத்துப் படத்தைப் பார்த்து அம்மாள் சொன்னார்.

போன பங்குனிப் பூக்குழிக் கச்சேரியில், திரை விலகச் சில நிமிஷம் இருக்கையில், டிரம்ஸ் தம்பி மெல்ல நம்மிடம் வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தான். மருந்துக்கடை நுரை அடைப்பான்.

"இதை எப்படி அண்ணே வைப்பது? விழுந்து விழுந்து போகிறது."

விரலால் மெல்லிய திரிபோல உருட்டச் சொன்னோம். மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்து, உள்ளே செருகி, அது விரியும்வரை விரலை எடுக்காமல் பிடிக்கச் சொன்னோம். இடது காது ஆயிற்று. வலது காதுக்கு உருட்டிக்கொண்டிருக்கும்போதே பாடகர் மைக்கில் "ஒன், டூ" சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"நிறுத்தச் சொல்லு, தம்பி" என்றோம். குழு அரை நிமிஷம் காத்திருந்தது.